கன்னியப்பன் குறைத்த இரண்டு வயது

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, வயசு கன்னியப்பன் கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெயரை அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். ஒரு காலத்தில் அதைக் கேட்டால் மனிதர் நெஞ்சை நிமிர்த்துவார். இப்போது ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்கிறார்.

பிள்ளைப்பாக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, பட்டாவில் அப்பா பெயருக்குப் பதிலாகச் செத்துப்போன பெரியப்பா பெயர் இருந்தது. அதைத் திருத்தக் கன்னியப்பன் இரண்டு வருடம் அலைந்தார். அந்த அலைச்சலில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. அப்பா நேரில் போய் நின்று, நான்தான் நிலத்துக்காரன் என்று சொன்னால் எந்த அதிகாரியும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு காகிதத்தை நீட்டினால் உடனே மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்கள். அப்படியானால் காகிதத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று அவர் முடிவு செய்தார். கூட்டுரோட்டில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், வாசலில் மனு எழுத ஒரு பெஞ்சு. கடை தயார்.

கம்பெனிகள் வந்தன. பின்னாலேயே நாலா திசையிலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்தார்கள். செல்போன் கம்பெனிக்கு இருபத்தொரு வயதுக்குள் இருக்க வேண்டும், இன்னொரு கம்பெனிக்கு இருபதுக்குள். கேட்டில் நிற்கிற ஏஜெண்டு சர்ட்டிபிகேட்டைப் பார்த்து 'ஏஜ் ஓவர்' என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் மறுபடி ஊர் பஸ் ஏற வேண்டியதுதான். அப்படி அழுதுகொண்டு நின்ற ஒருத்திக்குக் கன்னியப்பன் முதன்முதலாக ஒன்றரை வயது குறைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூட டி.சி.யை அப்படியே புதிதாக அடித்து, தேதியை மட்டும் மாற்றி, ஒரு ரப்பர் முத்திரை குத்தினார். அவ்வளவுதான். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் அவருக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது.

"தப்பு இல்லையா இது?" என்று மனைவி கலைமணி ஒருநாள் கேட்டாள்.

"யாருக்கு இன்னா நஷ்டம் சொல்லு? பொண்ணுக்கு வேலை கெடச்சிச்சு, கம்பெனிக்கு ஆளு கெடச்சிச்சு."

அவருக்கு ஒரு கொள்கையும் இருந்தது. அசல் சர்ட்டிபிகேட்டை அழிக்க மாட்டார். பெண்களிடமே இருந்தால் ஹாஸ்டலில் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்பதால், தானே வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தார். அவரவர் உண்மை வயது அந்தப் பையில் பத்திரமாக இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. வெட்கம் கெட்ட பெருமைதான். ஆனால் அன்றைக்கு அது அவருக்குத் தெரியவில்லை.

ஜோஸ்லின் வந்தது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம். ஒடிசலான பெண். பேச வாயெடுக்கவே பயந்தாள்.

"ஊரு எதும்மா?"

"முகாம், அண்ணை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அப்பா அம்மா மன்னாரில இருந்து எண்பத்தஞ்சில வந்தவை. நான் இஞ்சதான், மண்டபத்தில பிறந்தனான்."

முகாம் பெண் என்று தெரிந்தால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போதாக்குறைக்கு வயது இருபத்திரண்டு. கன்னியப்பனுக்கு மனசு இளகிவிட்டது. காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறந்த வருடம் எண்பத்தேழு என்றிருந்ததை எண்பத்தொன்பது ஆக்கினார். நாட்டினம் என்ற இடத்தில் 'இலங்கை அகதி' என்றிருந்தது. அந்த இடத்தில் ஒற்றை விரலால் 'இந்தியர்' என்று அடித்தார்.

"பாத்தியா, கவர்மெண்ட்டு குடுக்காதத கன்னியப்பன் குடுத்துட்டான்!" என்று சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

அவளுடைய அசலை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டே ஒரு புத்திமதியும் சொன்னார். "இந்த அண்ணை, ஓம், இஞ்ச எல்லாத்தையும் இந்த வாசல்லயே வுட்டுட்டுப் போ. அண்ணான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு. வூடு, கீதுன்னு பேசிக்கினு இருந்தியானா ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்."

அவள் கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் கன்னியப்பனை விடச் சுத்தமாக இந்த ஊர்ப் பேச்சைப் பேசினாள். ஷிப்டு, ஓ.டி., லைன் என்று வருடங்கள் போயின. இரண்டு கம்பெனி மாறினாள். படப்பையைச் சேர்ந்த ரிச்சர்டைக் காதலித்து, அவனிடம் மட்டும் உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெற்றவர்கள் முகாமிலேயே இருந்துவிட, சர்ச்சில் பெண் வீட்டார் பக்கம் அண்ணன் என்று நின்றது கன்னியப்பனும் கலைமணியும்தான். தன் வாழ்நாளில் கைநீட்டி எதுவும் வாங்காமல் செய்த ஒரே நல்ல காரியம் ஜோஸ்லின் விஷயம் என்று அவர் பலரிடம் சொல்லியிருக்கிறார். பெயரைச் சொல்லாமல்தான். ஆனால் அடிக்கடி.

இங்கே அந்தக் கடைச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்காக, எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிப் பாடப் புத்தகத்தின் பக்கத்தைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, தன் நாற்காலிக்கு நேர் மேலே ஆணியடித்திருந்தார். இந்தியக் குடியுரிமை பெறும் வழிகள்: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைவு. கேட்கிறவர்களுக்கெல்லாம் வாத்தியார் மாதிரி விளக்குவார். பிறப்பு என்பதற்குக் கீழே நீல மையில் அவரே ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: '1.7.1987க்கு முன் இங்கே பிறந்தால் போதும். பெற்றோர் யாராயினும் சரி.' எட்டு வருடம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். ஒருநாள்கூட அவருக்கு ஜோஸ்லின் ஞாபகம் வரவில்லை.

போன வருடம் ஜோஸ்லின் லைன் லீடர். புது லைனுக்குப் பயிற்சி என்று வியட்நாமுக்கு மூன்று மாதம் அனுப்ப ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அவளும் ஒருத்தி. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். விசாரித்ததில் தாய் இன்னும் முகாம் பதிவில் இருப்பது தெரிந்துவிட்டது. பெற்றோர் இந்தியர் அல்லர், நீங்கள் பிறந்தது 1989, நீங்கள் இந்தியர் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கன்னியப்பன் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, இன்னா பண்றதுன்னே தெரியல. வேலையும் போய்டும்ங்கறாரு ரிச்சர்டு. என்னத் திருப்பி முகாம்ல கொண்டுபோய் வுட்டுடுவாங்களா?"

"சும்மா கெட. நான் எதுக்குக் கீறேன்?" என்று கன்னியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி, குச்சியை எடுத்தார். "அஞ்சு வழி கீது. வம்சாவளி, அது வெளிநாட்டுல பொறந்தவங்களுக்கு, வுடு. பதிவு. இந்தியரக் கட்டி ஏழு வருசம் இங்க இருந்தா அப்ளை பண்ணலாம். ஆனா பாஸ்போர்ட் இல்லாம படகுல வந்தவங்கன்னு உங்க வூட்டப் போட்டு வச்சிருக்கான், வாங்க மாட்டான். இயல்புரிமை, அதுவும் அதே கதை. பிரதேச இணைவுன்னா ஒரு நாட்டையே நீ கூட்டிக்கினு வரணும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "பிறப்பு. எண்பத்தேழு ஜூலைக்கு முன்னாடி பொறந்திருந்தா பேச்சே இல்ல, ராணி மாதிரி போலாம். நீ எண்பத்தொம்போது. அடிபட்டுப் போச்சு."

ஜோஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் எண்பத்தேழு பிப்ரவரிதானே. நீங்கதானே குறைச்சீங்க."

குச்சி அந்த நீல மைக் குறிப்பின் மேலேயே நின்றது. அவருக்குக் காது இரண்டும் சுட்டது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் குற்றம் சாட்டவில்லை, ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இந்தியர் என்று அன்றைக்கு அவர் பொய்யாக அடித்தாரே, அது உண்மை. அவள் முகாமில் பிறந்த அன்றே உண்மை. அதைப் பொய்யாக்கியது அவர் குறைத்த அந்த இரண்டு வயது.

"பாக்கறேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியமே வீட்டுக்குப் போய் மஞ்சள் பையைக் கொட்டினார். ஜோஸ்லினின் அசல் டி.சி. மடிப்புக் கலையாமல் இருந்தது. பிறந்த தேதி 14.2.1987. பிறந்த இடம், மண்டபம் முகாம். இதைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னால் முடிந்தது காரியம். ஆனால் நடந்ததை யார் சொல்வது? போலி முத்திரை, போலிக் கையெழுத்து. கடைக்குச் சீல் வைப்பார்கள். மருமகன் வீட்டில் என்ன நினைப்பார்கள்? கூட்டுரோட்டில் எப்படித் தலைகாட்டுவது? கன்னியப்பன் பயந்தார். அப்படிச் சொல்வதுதான் நியாயம். பயந்துபோய், பயத்தை யோசனை என்று பெயர் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த அசலை ஜோஸ்லினிடம் கொடுத்து, விசாரணையில் சொல்ல ஒரு பொய்யையும் கற்றுக்கொடுத்தார். "ஸ்கூல்லேர்ந்து அசலை வாங்கியாந்துட்டேன்னு சொல்லு." "முதல்ல குடுத்ததுல தேதி தப்பு, ஆபீஸ் கிளார்க் தப்பா எழுதிட்டாருன்னு சொல்லு. அந்தாளு செத்துப்போயி பத்து வருசம் ஆவுது."

ஜோஸ்லினுக்காகப் பார்த்த வக்கீல் நம்பிராஜனுக்கு இது ஒப்பவில்லை. அவர் திருநெல்வேலிக்காரர். இரண்டு டி.சி.யையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது கிளார்க்கு பண்ணுன தப்பு மாதிரியா வே இருக்கு? முத்திரையே வேறயால்லா இருக்கு. இதை யாரு பண்ணுனான்னு கேப்பாங்க. பண்ணுனவன் வந்து சொல்லலேன்னா இந்தப் பிள்ளை தலையிலதான் விடியும், பாத்துக்கிடும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் கன்னியப்பன்.

பாஸ்போர்ட் ஆபீஸ் விசாரணைக்கு அண்ணன் என்று சொல்லிக் கன்னியப்பனே கூடப் போனார். அதிகாரி ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். நிதானமாகப் பேசினார். இரண்டு காகிதத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எழுத்துப் பிழை இல்லம்மா. போலி. யார் செஞ்சு குடுத்தது?"

"ஞாபகம் இல்ல மேடம்."

"ஞாபகம் இல்லன்னா நீங்களே தயார் பண்ணதாத்தான் நான் எழுதணும். போலி ஆவணம் குடுத்தவங்கன்னு எழுதிட்டா அப்புறம் நீங்க எதைக் கொண்டுவந்தாலும் நம்ப மாட்டாங்க. யோசிச்சு சொல்லுங்க."

"ஞாபகம் இல்ல மேடம்."

கன்னியப்பன் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கண் காட்டிக்கொடுத்துவிடும் என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார், வைத்தார், பிறகு இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். அவ்வளவு நேரமும் கன்னியப்பன் மேசையிலிருந்த ஒரு ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் ஜோஸ்லின் கேட்டாள்: "அண்ணா, டீ குடிக்கறீங்களா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடலியே நீங்க."

அவள் வாங்கிக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

வீட்டில் கலைமணியிடம் சொன்னார். சொன்னால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்திருப்பார் போல. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்த கையைப் பாத்திரத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு உன்னக் காப்பாத்திச்சு. நீ இன்னா பண்ணே?"

நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் மனைவி முன்னால் முதன்முதலாகத் தலை கவிழ்ந்து நின்றார். நிற்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் நம்பிராஜன் அலுவலகத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். ஆயிரக்கணக்கான மனு எழுதிய கை. 'கன்னியப்பன் ஆகிய நான் உறுதி கூறுவது யாதெனில்' என்பது வரைக்கும் வழக்கம்போல ஓடியது. அதற்குமேல் நாலு வரிதான், எழுதி முடிக்க மதியம் ஆகிவிட்டது. இந்தப் பெண்ணின் பிறந்த வருடத்தை மாற்றியது நான். முத்திரை செய்தது நான். அவளுடைய அசலை வாங்கி வைத்துக்கொண்டது நான். அவள் எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது விசாரணையில் அதை நீட்டிவிட்டு எழுந்து நின்றார். அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"எத்தனை பேருக்கு இந்த மாதிரி செஞ்சிருக்கீங்க?"

"நெறைய பேருக்கு மேடம்."

"உங்க மேல புகார் போகும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

அப்புறம் அந்த அம்மாள் ஜோஸ்லின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "மண்டபம் ஆஸ்பத்திரிப் பதிவையும் கேட்டு வாங்குறோம். தேதி சரியா இருந்தா உங்களுக்கு யாரும் குடியுரிமை குடுக்க வேண்டியதே இல்லம்மா. சட்டப்படி நீங்க பொறந்த நாள்லேர்ந்தே இந்தியர்தான்."

வெளியே வராந்தாவில் ஒரு தூண் ஓரம் ஜோஸ்லின் நின்றுவிட்டாள். கன்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். அழுகிறாளோ என்று பார்த்தார். அழவில்லை.

"பிறந்த நாளில இருந்தே எண்டு சொல்லுறா, அண்ணை."

பதினாறு வருடத்துக்கு முன்னால் கடை வாசலில் அவர் விட்டுவிட்டுப் போகச் சொன்ன பேச்சு அப்படியே திரும்பி வந்துவிட்டது.

"அப்பா செத்த நேரம் நான் போகேல்லை. தெரியுமோ உங்களுக்கு? முகாம் வாசலில பேர் எழுதுவினம், கம்பெனிக்குத் தெரிஞ்சுபோகும் எண்டு பயந்து போகேல்லை. அண்டைக்கு லைனில நிண்டு வேலை செய்தனான். பக்கத்தில நிண்ட பிள்ளைக்குக்கூடச் சொல்லேல்லை. போலீஸ்காரர் ரோட்டில நிண்டா அடுத்த தெருவால சுத்திப் போவன். எல்லாம் என்னத்துக்கு, அண்ணை? நான் இஞ்சத்தை ஆள்தானே."

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார் கன்னியப்பன்.

"ஓம்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லுவாள் என்று அவர் மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை. தோள்பையைச் சரிசெய்துகொண்டு இரண்டு அடி நடந்தவள் திரும்பி, "அந்த மஞ்சள் பையில என்னை மாதிரி இன்னும் ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

பாஸ்போர்ட் வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வியட்நாமுக்கு வேறொருத்தி போய்விட்டு வந்தும் விட்டாள். கன்னியப்பன் மேல் வழக்கு நடக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்துப் போடுகிறார். கம்ப்யூட்டரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டதால் கடையில் இப்போது ஜெராக்ஸ் மட்டும்தான். ஒருநாள் சாயங்காலம் ஜோஸ்லின் ஷிப்டு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பாஸ்போர்ட். ரோட்டைக் கடந்து, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனாள். இவர் கடையில் கூட்டமே இல்லை.

அன்றைக்குத்தான் கன்னியப்பன் மஞ்சள் பையை மறுபடி கொட்டினார். முகாம் பெண்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் எண்பத்தேழு ஜூலைக்கு முன்னால் மண்டபத்தில் பிறந்தவர்கள்; மூவரையும் அவர் கட்ஆஃப் தேதிக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். பழைய நோட்டில் ஒருத்தியின் எண் மட்டும்தான் இருந்தது. அவர் போட்டார். நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"அம்மா, நான் ஒரகடம் ஜெராக்ஸ் கடை." அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் அவளுக்குப் புரியாது. "வயசு கன்னியப்பன் பேசறேன்."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல வந்தது: "அண்ணா, இங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. மாமியார் கூடவே கீறாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டாள். கன்னியப்பன் அவளுடைய அசல் டி.சி.யை மடியில் வைத்துக்கொண்டு, அதே எண்ணை மறுபடி அழுத்தினார்.